முதல் பத்து விநாடி யாருக்குச் சொந்தம்?

"எதுக்குப்பா வேண்டாத வேலை? அதான் விண்டோஸ் நல்லா ஓடிட்டிருக்கே!" லினக்ஸ் என்று வாயெடுத்தாலே வந்து விழும் முதல் வாக்கியம் இது. இரண்டாவது, "அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு." மூன்றாவதுதான் கொஞ்சம் விவரமானது மாதிரி தோற்றம் காட்டும்: "மக்களுக்குப் பிடிச்சதை மக்கள் எடுத்துக்கிட்டாங்க. சந்தை முடிவு பண்ணிடுச்சு."

மூன்றாவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது பொய்.

நீங்கள் எப்போது தேர்ந்தெடுத்தீர்கள்? லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்வளவு வேண்டும், என்ன நிறம் வேண்டும், பை வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும் என்று எந்தக் கடைக்காரராவது கேட்டாரா? பெட்டியைத் திறந்தபோதே அது உள்ளே உட்கார்ந்திருந்தது. அதன் விலையும் பில்லுக்குள் உட்கார்ந்திருந்தது. பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு "நானேதான் ஆர்டர் பண்ணேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இது தற்செயலாக நடந்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களோடு போட்டுவந்த ஒப்பந்தங்களில் ஒரு வகை உண்டு. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் எங்களுக்குக் காசு கொடுத்துவிட வேண்டும், அதில் எங்கள் மென்பொருள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அப்படியென்றால் போட்டியாளரின் சிஸ்டத்தைப் போட்டு விற்பவர் இரண்டு பேருக்கும் தண்டம் அழ வேண்டும். எவன் செய்வான்? 1994இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்ட பிறகுதான் இந்த முறை நின்றது.

அடுத்த வருடமே வேறொரு காட்சி. ஐபிஎம் தன் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டமான ஓஎஸ்/2வை விற்றுக்கொண்டிருந்தது. விண்டோஸ் 95க்கான உரிமம் ஐபிஎம்முக்குக் கிடைத்தது எப்போது தெரியுமா? 1995 ஆகஸ்ட் 24 அன்று, வெளியீட்டு விழா தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பு. போட்டி மென்பொருளைக் கைவிடாததற்கான பதிலடி அது என்று 1999இல் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் தன் கண்டறிதல்களில் எழுதியிருக்கிறார். ஐபிஎம்முக்கே இந்த கதி.

இதைவிடச் சோகமானது பீஓஎஸ் கதை. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி கஸே தொடங்கிய பீ நிறுவனத்தின் படைப்பு. அந்தக் காலக் கணினியில் ஒரே நேரத்தில் பல வீடியோக்களைத் திக்காமல் ஓட்டிக் காட்டி ஆட்களை அசர வைத்தது. விண்டோஸோடு சேர்த்து இதையும் போட்டுக் கொடுங்கள், இலவசமாகவே தருகிறேன் என்றார் கஸே. ஹிட்டாச்சி முன்வந்தது. ஜப்பானில் விற்ற அதன் கம்ப்யூட்டர்களில் பீஓஎஸ் உள்ளே இருந்தது. ஆனால் பட்டனை அழுத்தினால் "எது வேண்டும்?" என்று கேட்கும் திரை வராது. மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் அதைத் தடுத்தது என்பது பீயின் குற்றச்சாட்டு. சோறு ஆக்கி வைத்திருக்கிறது, ஆனால் அடுக்களைக் கதவுக்குப் பூட்டு. 2001இல் பீயின் சொத்துகள் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு பாம் நிறுவனத்திடம் போயின. பீ வழக்குப் போட்டது. 2003இல் மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பணம் வந்தது, பீஓஎஸ் வரவில்லை.

ஆகவே நண்பர்களே, சண்டை எது நல்ல சிஸ்டம் என்பதில் இல்லை. பட்டனை அழுத்தியபின் வரும் அந்த முதல் பத்து விநாடி யாருக்குச் சொந்தம் என்பதில்தான் இருக்கிறது.

"அதெல்லாம் பழைய கதை" என்பீர்கள். 2012இல் விண்டோஸ் 8 காலத்தில் செக்யூர் பூட் வந்தது. தீய நிரல்கள் கணினி துவங்கும்போதே நுழையாமல் தடுக்கும் பூட்டு. நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலான கணினிகளில் அந்தப் பூட்டுக்குள் முன்கூட்டியே வைக்கப்படும் சாவி மைக்ரோசாஃப்டுடையது. இன்றும் உபுண்டு, ஃபெடோரா போன்றவை அதே நிறுவனத்தின் கையொப்பம் வாங்கித்தான் சிக்கலில்லாமல் துவங்குகின்றன. போட்டியாளர் வீட்டு வாசலில் கையெழுத்துக்கு வரிசையில் நிற்பதைச் சுதந்திரச் சந்தை என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

அப்புறம் 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு அன்றோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். கீபோர்டு உடையவில்லை, திரை மங்கவில்லை, ஆனாலும் உங்கள் மெஷின் "பழசு". அப்பா கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த லேப்டாப்புக்கு எங்கோ உட்கார்ந்து ஒருவர் சாவுத் தேதி குறிக்கிறார், நாமும் தலையாட்டுகிறோம். எனக்குக் கோபம் வருவது இந்தத் தலையாட்டலின் மேல்தான். ஒரு வரியில் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிற இலக்கியக்கூட்டம் நாம். மடியில் இருக்கும் பெட்டியின் அதிகாரத்தைப் பற்றி மூச்சு விடமாட்டோம்.

இப்போது முதல் இரண்டு வாக்கியங்கள். "கஷ்டம்" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்களையும், வேலோரண்ட் இல்லாமல் தூக்கம் வராதவர்களையும் நான் இழுக்கவில்லை. அவை லினக்ஸில் ஓடாது. சந்தேகம் கேட்கும் புதியவரை "மேனுவலைப் படி" என்று விரட்டும் லினக்ஸ் பண்டிதர்களும் இந்த நிலைமைக்குப் பாதிக் காரணம். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்று குரைத்தால் யார் உள்ளே வருவார்கள்?

ஆனால் நம்மில் பெரும்பாலானோர் கம்ப்யூட்டரில் செய்வது என்ன? ப்ரவுசர், படம், பிடிஎஃப், கொஞ்சம் எழுத்து. ஃபயர்பாக்ஸ் இருக்கிறது, விஎல்சி இருக்கிறது, லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் காசில்லாமல் கிடைக்கிறது. கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள். பாலக்காட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முடிவது கோயம்புத்தூர் பட்டதாரிக்கு முடியாதா? உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். "எனக்கு லினக்ஸ் வராது" என்று அந்தப் போனிலேயே டைப் செய்கிறீர்கள்.

விண்டோஸைத் தூக்கியெறி என்று சொல்லவில்லை. ஒரு பென்டிரைவ் போதும். லினக்ஸ் மின்ட்டை அதில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் ஃபைல்களை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம். பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கி சட்டைப்பையில் போடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பிறகு விண்டோஸே போதும் என்று திரும்பினாலும் எனக்குச் சம்மதம். அன்றைக்குத்தான் அதை நீங்கள் தேர்ந்தெடுத்ததாக அர்த்தம்.