'கெட் அவே': ஓடினாலும் தப்பலாம், ஓடாமலும் தப்பலாம்!
வார இறுதியில் கரியாலூர் போய், படகு சவாரி, பெரியார் அருவி எனச் சுற்றி வந்தால் அது 'வீக்எண்ட் கெட்அவே'. கல்வராயன் மலையில் போலீஸ் ரெய்டு வந்ததும் சாராய ஊறலை அப்படியே விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினால்? 'தே காட் அவே', தப்பிவிட்டார்கள்.

கூடவே 'வித்' சேர்த்தால் அர்த்தமே வேறு. 'கெட் அவே வித் இட்' என்றால், தப்பு செய்தும் தண்டனை கிடைக்காமல் தப்புவது. இதற்கு ஓடவே வேண்டாம், ஊரிலேயே உட்கார்ந்திருக்கலாம்!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பலர் கைதானார்கள். அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. 'வில் தே கெட் அவே வித் இட்?' தண்டனையிலிருந்து தப்பிவிடுவார்களா என்று கேட்பது இப்படித்தான்.