இனாம் அரிசியும் மட்டாஞ்சேரி விலையும்

இடக்கொச்சியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ்த் தொழிலாளர் பலருக்கு ஊரில் ரேஷன் கார்டு உண்டு. அந்தக் கார்டுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். ஆனால் இங்கே அவர்கள் பொங்கித் தின்பது மட்டாஞ்சேரி மொத்தக் கடைகளிலிருந்து வந்து, சில்லறைக் கடையில் கிலோக் கணக்கில் விற்கும் அரிசி. ஊரில் வாங்கும் இனாம் அரிசியில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பது வாளையாறு, புளியரை சோதனைச் சாவடிக்காரர்களுக்குத் தெரியும். சாக்கு மாறி, பாலிஷ் ஏறி, மலை தாண்டி கேரளத்துக்கு வருகிறது. அதை விலை கொடுத்து வாங்குகிறவர்களில் அந்தக் கார்டுக்காரரே ஒருவராக இருக்கக் கூடும்!

இனாம் தானியம் சந்தையை என்ன செய்யும் என்ற கேள்வி புதிதல்ல. 1956 ஆகஸ்டில் இந்தியா அமெரிக்காவுடன் பி.எல்.480 ஒப்பந்தம் செய்துகொண்டது. எஸ்.கே.பாட்டீல் உணவு மந்திரியாயிருந்த 1960-இல் கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்றே நான்காண்டுகளில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமைக்கு வகை செய்தது. இதைத் தானம் என்பதும் முழுச் சரியன்று. விலை ரூபாயில் கொடுக்கப்பட்டது. குவிந்த பணத்தில் ரூ.1,664 கோடியை 1974-இல் அமெரிக்கா இந்தியாவுக்கே விட்டுக்கொடுத்தது.

அந்தக் கப்பல் கோதுமை பசியாற்றியது, ஐயமில்லை. 1965, 1966 வறட்சியில் அது வராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் நியாய விலைக் கடையில் மலிவுக் கோதுமை கிடைக்கும்போது உள்ளூர்க் கோதுமைக்கு விலை ஏறாது. விலை இல்லையேல் உழவன் எதை நம்பி உரம் வாங்குவான்? சிகாகோ பேராசிரியர் தியோடர் ஷூல்ட்ஸ் 1960-லேயே இந்த ஆபத்தை எழுதினார். அவ்வளவு கெடுதல் இல்லை என்றவர்களும் உண்டு. மலிவுக் கோதுமை வாங்கிய ஏழைகளில் பலர், அது இல்லாவிட்டால் சந்தைப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

சோறு தின்னும் கேரளத்துக்கோ கோதுமைக் கப்பலால் முழு நிவாரணம் இல்லை. 1964-இல் தென்னிந்திய அரிசி மண்டலம் கலைந்தபின் அரிசிக்கு எல்லையில் தடை, இங்கே ரேஷன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘கேர்’ நிறுவனத்தின் மஞ்சள் உப்புமா.

1965-இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. உணவுக் கழகம் பிறந்து, தஞ்சாவூரில் முதல் அலுவலகம் திறந்தது. உழவனிடம் உறுதி விலைக்கு வாங்கி, ஏழைக்கு மலிவாகக் கொடுப்பது என்ற வழி அது. இந்த வழியில் இனாம் அரிசி உழவன் வயிற்றில் அடிக்காது, கொள்முதல் நிலையம் ஒழுங்காக வாங்கினால்! ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று நெல்லைத் திருப்பினால், அவன் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

கடத்தல் அரிசியால் இங்கே விலை குறையுமே என்று சிலர் கேட்கலாம். வியாபாரியின் கொள்முதல் விலை குறைகிறது. தொழிலாளி கொடுக்கும் விலை அந்த அளவு குறைவதாகத் தெரியவில்லை. சர்க்கார் பணத்தில் வாங்கிய அரிசியின் லாபம் இடையில் நிற்கிறவர்களுக்கு.

அரிசியைத் தேடிக் கார்டுக்காரர் போக முடியாது. கார்டுக்காரரைத் தேடி அரிசி வரலாம். 2020 முதல் தமிழ்நாடும் கேரளமும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் இருக்கின்றன. முன்னுரிமை, அந்தியோதயா கார்டுகளுக்கு மட்டுமே இது செல்லும். தமிழக சர்க்கார் தன் செலவில் அரிசி தரும் மற்றக் கார்டுகளுக்குச் செல்லாது. அவற்றுக்கும் செலவைக் கேரளத்துக்குக் கொடுத்து வழி செய்ய வேண்டும். இரு மாநில உணவு மந்திரிகள் உட்கார்ந்து பேசினால் நடக்காத காரியமல்ல.

அதுவரை முன்னுரிமைக் கார்டு உள்ளவர்களாவது சும்மா இருக்க வேண்டாம். குடும்பத்தார் தங்கள் பங்கை ஊரில் வாங்க, தம் பங்கை இங்கே வாங்கலாம். இதைத் தமிழில் எழுதி ரேஷன் கடைகளில் ஒட்டச் செய்வது கொச்சித் தமிழ்ச் சங்கங்களின் வேலை. ஆதார் எண்ணும் விரல் ரேகையும் போதும். கார்டை ஊரிலிருந்து கொண்டுவரக் கூடத் தேவையில்லை.