பட்டன் பவளம் வீட்டுக்கு வேண்டாம்!

வயிற்றுப் புண்ணுக்கு மருந்து வாங்க வந்த வங்கி ஊழியர் ஒருவர், நாடி பார்க்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், வீட்டுல உப்புத்தண்ணி மீன்தொட்டி வெச்சு ஆறு மாசமாச்சு. அடுத்து மென்பவளம் வாங்கலாம்னு இருக்கேன். பட்டன் பவளம்தான் லேசுல சாகாதுன்னு கடைக்காரர் சொல்றார். பவளம் மருந்துதானே, வீட்டுல இருந்தா நல்லதுதானே?"

இதே சந்தேகம் உங்களுக்கும் வரலாம். அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பவள பற்பம் செய்வது செம்பவளத்தில். அது மத்தியதரைக் கடலில் விளைகிற, கல்போல் கெட்டியான பவளம். தொட்டியில் வளர்ப்பது வேறு. தொட்டால் மெத்தென்று இருக்கும். அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை.

"எது சாகாது?" என்று கேட்டுத்தான் பலரும் முதல் பவளத்தை வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. "வீட்டில் இருப்பவர்களுக்கு ஆகுமா?" என்பதுதான் முதல் கேள்வி.

பட்டன் பவளத்தில் சோவாந்தஸ், பாலிதோவா என்று பல வகைகள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. எதில் உண்டு, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒருவர் தன் மீன்தொட்டியைச் சுத்தம் செய்யப் பவளத்தை வெளியே எடுத்தார். அவரும் குடும்பத்தாரும் மட்டுமல்ல, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று!

எங்கள் மருத்துவத்தில் நச்சுச் சரக்குகளைச் சுத்தி செய்த பிறகுதான் பயன்படுத்துவோம். அந்தப் பழக்கத்தில், "கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்று நினைத்துவிடாதீர்கள். கொதித்தாலும் இந்த நஞ்சு முறியாது. ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். கொதிநீர் ஊற்றுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, கத்தியால் சுரண்டுவது மூன்றுமே கூடாது.

அப்படியானால் எதை வாங்கலாம்?

டிஸ்கோசோமா என்கிற காளான் பவளத்தில் ஆரம்பியுங்கள். குறைந்த வெளிச்சமும் மெதுவான நீரோட்டமும் போதும். அடுத்தது சார்கோபைட்டன் என்கிற தோல் பவளம். சில சமயம் மெழுகுப் படலம் மூடி, நாள் கணக்கில் சுருங்கிக் கிடக்கும். செத்துப்போச்சு என்று தூக்கிப் போடாதீர்கள். மேல்தோலை உரித்துக்கொண்டு மறுபடி விரியும். பச்சை நட்சத்திரப் பவளமும் நல்லதே. ஆனால் புல்தரைபோல் கண்டபடி பரவும். தனிக் கல்லில் வையுங்கள்.

இவற்றைத் தொடும்போதும் கையுறையும் கண்ணாடியும் அவசியம். கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடவே வேண்டாம்.

தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் ஊர் மே மாத வெயிலில் சில்லர் இல்லாமல் இது நடக்காது. அந்தச் செலவு கட்டுப்படாது என்றால் பவளம் வாங்காமல் இருப்பதே தர்மம். அதுவும் உயிர்தானே!

இன்னொன்று... ராமேஸ்வரம் டூர் போகும்போது ஒரு துண்டு எடுத்து வரலாம் என்று நினைக்காதீர்கள். கல் பவளமும் கடல்விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. எடுப்பது குற்றம்.

ஏற்கெனவே பட்டன் பவளம் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். தண்ணீருக்குள் தொந்தரவில்லாமல் இருக்கட்டும், குழந்தைகள் கை எட்டாதபடி மூடி போடுங்கள். தொட்டியில் வேலை செய்தபின் வாயில் கசப்பு, குளிர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி, கண் எரிச்சல் என்று எது வந்தாலும் வீட்டில் இருக்கும் எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். கஷாயம் கேட்டு என்னிடம் வராதீர்கள். இதற்கென்று தனி முறிமருந்து எந்த மருத்துவத்திலும் இல்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "வீட்டில் பவளத்தொட்டி இருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே இருக்கும் டாக்டருக்கு அது எப்படித் தோன்றும்?