முதலில் ரோடு, பிறகு ஊர்



கைப்பேசியில் கூகுள் மேப்பைத் திறந்து, சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, பிரேசிலில் ரொண்டோனியா என்ற மாநிலத்தைத் தேடிப் பாருங்கள். அமேசான் காட்டுக்குள் மீன் முள் மாதிரி கோடுகள் தெரியும். நடுமுள் பெரிய சாலை. பக்க முள்கள் அதிலிருந்து பிரிந்த கிளைச் சாலைகள். அவற்றின் ஓரமெல்லாம் காடு போய் மாட்டு மேய்ச்சல் நிலமாகிவிட்டது.

1970-இல் அந்த மாநிலத்தில் இருந்தவர்கள் சுமார் 1.1 லட்சம் பேர். 1991-இல் 11 லட்சத்துக்கும் மேல்! தெற்கே டிராக்டரும் சோயாவும் பரவியதில் நிலமும் வேலையும் இழந்த விவசாயிகளை, அமேசானில் நிலம் தருகிறோம் என்று அன்றைய ராணுவ அரசு அழைத்தது. 1984-இல் உலக வங்கிக் கடனில் பிஆர்-364 சாலைக்குத் தார் போட்டு முடித்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். முன்பே அங்கு வாழ்ந்த பழங்குடியினரை யாரும் கேட்கவில்லை.

மழைக்காட்டில் சத்து மரத்தில்தான், மண்ணில் குறைவு. வகுப்பில் படித்தது நினைவிருக்கும். எரித்த சாம்பலில் இரண்டு மூன்று வருடம் விளையும், பிறகு விளைச்சல் விழும். நிலத்தை மாட்டுப் பண்ணைக்காரரிடம் விற்றுவிட்டு, சிலர் காட்டுக்குள் இன்னும் தள்ளிப் போனார்கள், சிலர் டவுனுக்குப் போனார்கள். இன்று பிரேசிலின் அமேசான் பகுதியில் பெரும்பாலோர் நகரவாசிகள். மனௌஸ் நகரில் மட்டும் 20 லட்சம் பேர்.

அந்த மனௌஸையும் ரொண்டோனியாவின் தலைநகரையும் இணைக்கும் பிஆர்-319 சாலை 1976-இல் திறந்து, பராமரிப்பு இல்லாமல் பாழானது. அதற்கு மறுபடி தார் போட வேண்டும் என்கிறார்கள். மனௌஸ்காரர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. தென்பகுதிக்குப் போக மழைக்காலத்தில் நம்பக்கூடிய ரோடு இல்லை. 2021 ஜனவரியில் ஆக்சிஜன் தீர்ந்து கொரோனா நோயாளிகள் மூச்சுத் திணறி இறந்த ஊர் அது. "காட்டுக்காக நீங்கள் ரோடு இல்லாமல் இருங்கள்" என்று இங்கே உட்கார்ந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் முதலில் ரோடு, காவல் பிறகு என்பதை நான் ஏற்கமாட்டேன். ரொண்டோனியாவில் நடந்தது அதுதான். எந்த நிலம் யாருடையது என்று முதலில் அளந்து கல் நடட்டும். பழங்குடி நிலத்துக்கும் காப்புக்காட்டுக்கும் எல்லை போடட்டும். திருட்டுத்தனமாகக் கிளைச் சாலை வெட்டினால் தடுக்க ஆளை நிறுத்திக் காட்டட்டும். அதன் பிறகு தார் போடலாம். அதுவரை கூடாது.

குடியேறிய ஏழையைத் திட்டிப் பயனில்லை. நிலம் இலவசம் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? மேப்பில் கோடு போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிஆர்-319 சாலையின் நடுப்பகுதியையும் மேப்பில் பாருங்கள். இருபுறமும் இன்னும் பெரும்பாலும் பச்சைதான். பார்த்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள். மாற்றுக் கருத்தானாலும் தயங்க வேண்டாம்.