கூச்சத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்!

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்புகிறீர்களா? பருப்புப்பொடி, வடாம், சுக்கு, பிரசவ லேகியம் எல்லாம் பெட்டிக்குள் ஏறியிருக்கும். எடை கூடிவிட்டதா என்று நாலு தடவை தூக்கிப் பார்த்திருப்பீர்கள். சரி, உங்கள் கால்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?

சிரிக்காதீர்கள். சென்னையிலிருந்து லண்டன் போகவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு இன்னொரு விமானம். இவ்வளவு நேரமும் நம் அம்மாக்கள் எப்படிப் போகிறார்கள் தெரியுமா? ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்தபடி! "பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பணுமே" என்று கூச்சம். பாத்ரூம் போகவேண்டி வருமே என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இதை நாம் அடக்கம், பொறுமை என்று மெச்சிக்கொள்கிறோம். உடம்புக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

இதயம் காலுக்கு ரத்தத்தை அனுப்பிவிடும். அதைத் திரும்ப மேலே ஏற்றுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் சதைக்குத்தான். நாம் நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி, ரத்தக் குழாயைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் அசையாமலிருந்தால் ரத்தம் தேங்கும். சிலருக்கு உள் ரத்தக் குழாயில் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இது விமானத்தோடு பிறந்த வியாதியும் இல்லை. 1940ல் லண்டனில் குண்டு வீச்சு நடந்தபோது, ஜனங்கள் பாதுகாப்பிடங்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தே இரவைக் கழித்தார்கள். அங்கே நுரையீரல் அடைப்பால் சாவு கூடியதை கீத் சிம்ப்சன் என்ற டாக்டர் கவனித்து எழுதினார். ஆக, குற்றவாளி அசையாத நாற்காலிதான்! உலக சுகாதார நிறுவனமும் 2007ல் இதையே சொன்னது. விமானமோ, ரயிலோ, பஸ்ஸோ, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் போனால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. பயப்பட வேண்டாம், ஆரோக்கியமானவர்களில் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் இப்படி நேர்கிறது. ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டுக்காரராக இருக்க வேண்டாமே!

என்ன செய்யலாம்? பெல்ட்டைக் கழற்றாமலே செய்யலாம். குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள். பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். மாற்றி மாற்றி இருபது தடவை. அடுத்து பாதத்தைக் கணுக்காலிலிருந்து வட்டமாகச் சுழற்றுங்கள், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. முழங்காலை ஒவ்வொன்றாக மேலே தூக்கி இறக்குங்கள். தோள்களைப் பின்னோக்கி உருட்டி, கழுத்தை மெதுவாக இரு பக்கமும் சாய்த்து, மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை போதும். காலடியில் கைப்பையை அடைத்து வைக்காதீர்கள். கால் நீட்ட இடம் வேண்டும். கால் மேல் கால் போட்டே தூங்காதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம்.

தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டி வரும் என்பதுதானே உங்கள் கவலை? எனக்கு வேண்டியதும் அதுதான்! பாத்ரூம் போய் வருகிற சாக்கில் நாலு எட்டு நடப்பீர்கள். சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு. சிறுநீர் அவற்றில் ஒன்று.

உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். முன்பே காலில் ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லாம் டிக்கெட் எடுக்கும் முன் டாக்டரைப் பாருங்கள். இறுக்கும் காலுறை தேவையா, ஊசி தேவையா என்று அவர் சொல்வார். நீங்களாகவே ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு சித்த வைத்தியனாக இதையும் அழுத்திச் சொல்கிறேன். ஊர் போய்ச் சேர்ந்து சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், "வாயுப் பிடிப்பு" என்று தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். கஷாயத்தையும் தேடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. வீங்கிய காலோடு என்னிடம் வந்தாலும் நான் அங்கேதான் அனுப்புவேன்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போடுகிற பிள்ளைகளே! அப்பா அம்மாவுக்கு நடைபாதை ஓரத்து சீட்டாகப் பார்த்துப் போடுங்கள். யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்க முடிந்தால், கூச்சத்துக்கே அங்கே வேலையில்லை.