யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?



நகைச்சுவைப் படம் என்றாலே நேரத்தை வீணாக்கும் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிள்ளைகளுக்குக் காட்டத் தக்கவை 'கருத்துள்ள' படங்களே என்கிறோம். இதனை நான் ஏற்பதற்கில்லை. 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்க்ரூபால்' நகைச்சுவைப் படங்களே இதற்குச் சான்று.

ஸ்க்ரூபால் என்பது பேஸ்பால் ஆட்டத்தில் வழக்கத்துக்கு மாறான திசையில் வளையும் பந்துவீச்சு. இப்படங்களில் வரும் மனிதர்களும் அத்தகையோரே. ஆள்மாறாட்டம், ஓட்டம், தடுமாற்றம், மூச்சுவிடாத சொற்போர் எனப் பார்ப்பதற்கு வெறும் கூத்தாகத் தோன்றும். ஆனால், அக்கூத்தில் அடிபடுவோர் யார்?

அது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. 1936இல் வந்த 'மை மேன் காட்ஃப்ரி' படத்தில் செல்வந்தர்கள் விசித்திரப் பொருள்களைத் தேடிக் கொணரும் போட்டி நடத்துகின்றனர். அப்பட்டியலில், சமுதாயத்தால் 'மறக்கப்பட்ட மனிதன்' ஒருவனும் இருக்கிறான்! குப்பைமேட்டில் வாழும் ஒருவரை அழைத்து வந்து நிறுத்துகின்றனர். நாம் சிரிப்பது அந்த ஏழையைக் கண்டன்று. அவரைப் பொருளாகக் கருதிய செல்வந்தர்களைக் கண்டே.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) படத்தில், தேர்தல் ஆதாயத்துக்காக ஒருவனைத் தூக்கிலிடத் துடிக்கும் மேயர் நகைப்புக்கு உள்ளாகிறார். மூல நாடகத்தில் ஆணாக இருந்த செய்தியாளரை ஹாக்ஸ் பெண்ணாக மாற்றினார். அவள் தன் முன்னாள் கணவனான பத்திரிகை ஆசிரியனுக்குச் சொல்லுக்குச் சொல் ஈடுகொடுக்கிறாள்.

என் கருத்துக்கு வலுவூட்டும் படம் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் 'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்' (1941). நகைச்சுவைப் படங்களை இயக்கிவந்த சல்லிவன், வறுமையைப் பற்றி 'கருத்துள்ள' படம் எடுக்க விரும்பி, நாடோடி வேடத்தில் புறப்படுகிறார். இறுதியில் கைதியாகிச் சங்கிலியில் பிணைக்கப்படுகிறார். ஓரிரவு, ஏழைக் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் கைதிகளுக்குக் கேலிச்சித்திரப் படம் காட்டப்படுகிறது. கைதிகள் வரும் முன்னரே, சொல்லாலோ செயலாலோ பார்வையாலோ அவர்களைத் தாழ்வாக உணரச் செய்யாதீர்கள் என்று போதகர் தம் மக்களிடம் கேட்டுக்கொள்கிறார். பின்னர் அனைவரும் ஒன்றாகச் சிரிக்கின்றனர். விடுதலை பெற்ற சல்லிவன் மீண்டும் நகைச்சுவைப் படமே எடுக்க முடிவுசெய்கிறார்.

இப்படங்கள் குறையற்றவை என்று நான் கூறவில்லை. இதே படத்தின் தொடக்கத்தில் ஒரு கறுப்பினச் சமையற்காரர் வெறும் கேலிப்பொருளாக்கப்படுகிறார். அக்காலத்து ஹாலிவுட்டின் பொதுவான இழுக்கு அது. அதனை மறைக்காமல் பிள்ளைகளிடம் எடுத்துக்கூற வேண்டும். சமையற்காரரைக் கண்டு சிரிக்க வைத்ததும், தேவாலயத்தில் எல்லாரையும் சேர்ந்து சிரிக்க வைத்ததும் ஒரே படம். இவ்விரண்டு சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த இதைவிட நல்ல பாடம் உண்டோ?

உருவத்தையும் நிறத்தையும் திக்குவாயையும் கண்டு சிரிக்கும் பழக்கம் வகுப்பறையில் எளிதில் பரவும். நகைச்சுவையை விலக்கிவைப்பதால் அது மாறாது. அடுத்த முறை பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பாருங்கள். முடிந்ததும், "யாரைப் பார்த்துச் சிரித்தாய்? ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.