பாட்டு ஊரெங்கும், எழுதியவர் எங்கே?

2021 மார்ச் 7ஆம் நாள் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலை நம் கெடா மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எந்தத் திரைப்படத்திலும் இடம்பெறாத தனிப்பாடல் அது. யூடியூப்பில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டுள்ளது. தெருக்குரல் அறிவு எழுதி, தீயுடன் இணைந்து பாடினார். சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அவர் சொன்ன கதைகளும் ஒப்பாரி மரபும்தான் பாட்டின் வேர். பீடோங்கிலும் பாடாங் செராயிலும் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதை புதிதல்ல. அங்கே தேயிலை, இங்கே ரப்பர், அவ்வளவுதான்.

பாட்டு வெற்றி பெற்ற பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. பிரெஞ்சுக் கலைஞர் டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரத் திரையில் அவரும் தீயும் தோன்றினர்; அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையிலும் அவர் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பிறகே அறிவுக்கென ஒரு மின்னட்டையை அந்த இதழ் வெளியிட்டது. தோட்டத்துப் பாட்டியின் கதை விற்பனைக்குப் போனது. அதை எழுதிய பேரனின் முகம் மட்டும் விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

முகம் போகட்டும், பணமாவது வந்ததா? வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று 2022இல் சந்தோஷ் நாராயணன் கூறியிருந்தார். ஆனால், பாட்டிலிருந்து ஒரு காசும் தங்களுக்கு வரவில்லை என்று 2024 மார்ச்சில் அவரே அறிவித்தார். பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனம் அதை மறுத்தது.

இது தமிழர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 1987இல் பீட்டில்ஸ் குழுவின் ‘ரெவல்யூஷன்’ பாடலை நைக்கி தன் காலணி விளம்பரத்தில் பயன்படுத்தியது. அதற்காக இரண்டு இடங்களில் அனுமதி வாங்கியது. ஒலிப்பதிவு கேப்பிட்டல் நிறுவனத்திடம் இருந்தது. சொல்லும் மெட்டும் அடங்கிய பாடலுரிமையோ அப்போது மைக்கேல் ஜாக்சனிடம் இருந்தது! பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே தங்கள் பாட்டு எந்தக் காலணியோடு போகும் என்று முடிவு செய்ய முடியவில்லை.

மெட்டும் சொல்லும் ஓர் உரிமை, ஒலிப்பதிவு வேறோர் உரிமை. விளம்பரக்காரர்களுக்கு இந்த வேறுபாடு அத்துப்படி. நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

இங்கே கெடாவில் நிலைமை என்ன? தீபாவளி நெருங்கினால் துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்களுக்குப் பாட்டு தேவைப்படும். கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ கல்லூரி மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து, கணினியிலேயே பாட்டு உருவாக்கித் தந்துவிடலாம். சில நூறு ரிங்கிட் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகப் படைப்பை உருவாக்கிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பதிப்புரிமை கேட்டவருக்கே மாறியதாகக் கருதப்படும். ‘நான்தானே எழுதினேன்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. நாளை அந்த மெட்டு நாடு முழுவதும் பரவினாலும் கூடுதலாகக் கேட்க வழி இருக்காது. கைகுலுக்கி முடித்துக்கொள்ளும் நம் பழக்கம் கடைக்காரருக்கே சாதகம்.

அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்னொன்றைச் சொல்கிறது. பதிப்புரிமை கைமாறினாலும், படைத்தவரின் சம்மதமின்றி அவர் பெயரை மறைத்துப் படைப்பை வெளியிடக் கூடாது. அவர் மதிப்பைக் கெடுக்கும் வகையில் அதைச் சிதைக்கவும் கூடாது. இதைத் தார்மீக உரிமை என்பார்கள். பணம் போனாலும் பெயர் நிற்கலாம் என்பது சட்டம் தரும் சிறு ஆறுதல். முப்பது விநாடி விளம்பரத்தில் பெயர் போட இடமேது என்று விளம்பர நிறுவனம் கேட்கும். அப்படியானால் பெயர் எங்கே வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம்.

எழுதிய பாட்டை மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிவு செய்யும் வசதி 2012 முதல் இருக்கிறது. கட்டாயமில்லை, பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உண்டு. ஆனால் தகராறு வந்தால் அந்தப் பதிவு சான்றாக நிற்கும். கடைக்காரரிடம் பாட்டை அனுப்புவதற்கு முன், தொகை, காலம், எந்தெந்த ஊடகம், உரிமை யாருக்கு என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க அரைமணி நேரம்கூட ஆகாது.